சட்டைக்குச் சுங்கவரி உண்டு, கணக்கு எழுதுவதற்கு ஏன் இல்லை?

2025 ஆகஸ்ட் 27 அன்று, இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் பெரும்பாலான சரக்குகளின் மீது அந்நாடு விதித்த கூடுதல் வரி 50 சதவீதத்தை எட்டியது. திருப்பூரில் தைத்து, அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, தூத்துக்குடிக்கு அனுப்பக் காத்திருந்த டி-ஷர்ட்டுகளின் விலைக் கணக்கு ஒரே நாளில் தலைகீழானது. அதே வாரத்தில், சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள அலுவலகங்களிலிருந்து அமெரிக்க நிறுவனங்களுக்கு மென்பொருளும், எழுதி முடித்த வரிக்கணக்குகளும், சரிபார்த்த காப்பீட்டுக் கோரிக்கைகளும் எப்போதும்போலவே போய்க்கொண்டிருந்தன. அவற்றின் மீது ஒரு சென்ட் கூடச் சுங்கவரி விழவில்லை. அடுத்த மாதமே இன்னொரு அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கான எச்-1பி விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்கும்போது ஒரு லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்கா அறிவித்தது. இந்த முறை அடி விழுந்தது சட்டையின் மேல் அல்ல, கணினித் துறையின் மேல்.

ஒரே நாடு, ஒரு மாத இடைவெளி, இரண்டு தடைகள். முதலாவது சரக்கைத் தடுத்தது, இரண்டாவது ஆளைத் தடுத்தது. சரக்கு வர்த்தகமும் சேவை வர்த்தகமும் எங்கே பிரிகின்றன என்பதைப் புதிதாகப் படிப்பவருக்குக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சரக்கின் வழியை மறிக்கும் தடை பெரும்பாலும் எல்லையில், சுங்கச் சாவடியில் நிற்கிறது. சேவையின் வழியை மறிக்கும் தடையோ பெரும்பாலும் நாட்டுக்கு உள்ளே, சட்டங்களிலும் உரிமங்களிலும் விசா விதிகளிலும் நிற்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை விளங்கிவிடும்.

முதலில் சரக்கைப் பார்ப்போம், ஏனெனில் அது எளிது. ஒரு டி-ஷர்ட்டுக்கு எடை உண்டு, உருவம் உண்டு, உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஓர் எண்ணும் உண்டு. பின்னலாடை டி-ஷர்ட் என்றால் 6109 என்ற தலைப்பு எண்ணின் கீழ்தான் அது எந்த நாட்டுச் சுங்கத்திலும் பதிவாகும். அந்த எண்ணுக்கு எதிரே எவ்வளவு வரி என்று எழுதியிருக்கும். அதைக் கட்டினால் பெட்டி உள்ளே போகும். ஆக, சரக்கு வர்த்தகத்தைத் தீர்மானிப்பவை என்று சொன்னால் உற்பத்திச் செலவு, தூரம், எடை, கப்பல் கூலி, துறைமுகத்தில் ஆகும் தாமதம், சுங்கவரி, நாணய மாற்று விகிதம் ஆகியவை முன்னே வந்து நிற்கும்.

இவற்றில் கப்பல் கூலியின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 58 இரும்புப் பெட்டிகளை ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் தளத்தில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாக ஆட்கள் தூக்கி ஏற்றியதற்கு டன்னுக்கு 5 டாலருக்கு மேல் ஆனது. பெட்டியாக ஏற்றியபோது சுமார் 16 சென்ட்தான் ஆனது. இன்று நாம் கன்டெய்னர் என்று சொல்லும் அந்தப் பெட்டி, வரிக்குறைப்பு ஒப்பந்தங்களுக்கு இணையாக உலகச் சரக்கு வர்த்தகத்தை வளர்த்தது. தூரம் மலிவானபோது சரக்கு பெருகியது.

சேவைக்குக் கன்டெய்னர் கிடையாது. முடிவெட்டுவதை எண்ணிப் பாருங்கள். வெட்டுபவரின் கையும் வெட்டிக்கொள்பவரின் தலையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். வெட்டியதை முன்கூட்டியே செய்து கிடங்கில் அடுக்கிவைக்க முடியாது. இன்றிரவு ஆள் தங்காமல் காலியாகக் கிடக்கும் விடுதி அறையை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. இருக்கை நிரம்பாமல் பறந்த விமானத்தின் அந்த இருக்கை போனது போனதுதான். உண்டாகும்போதே நுகரப்படுவது, சேர்த்துவைக்க முடியாதது, கண்ணுக்குப் புலப்படாதது ஆகிய மூன்று இயல்புகளால்தான் நெடுங்காலம் பொருளியலாளர்கள் சேவையை நாடு கடந்து விற்க முடியாத பண்டமாகவே நடத்தினார்கள். ஆனால் பாடகர் எதிரே உட்கார்ந்து கேட்டால்தான் பாட்டு என்றிருந்த நிலையை ஒலிநாடா மாற்றியதுபோல, ஒரு சேவையை அதைச் செய்யும் ஆளிடமிருந்து பிரித்தெடுத்துத் தனியே அனுப்பத் தொழில்நுட்பம் வழி செய்யும் என்பதை 1984இலேயே எழுதிக் காட்டியவர் பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி. அதற்கு அடுத்த ஆண்டே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் ஒரு வடிவமைப்பு மையத்தை அமைத்து, அங்கு நடந்த வேலையைச் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கியது.

விற்பவரும் வாங்குபவரும் எப்படியாவது சந்தித்தாக வேண்டும் என்றால், அந்தச் சந்திப்பு எத்தனை விதமாக நடக்கலாம்? 1995 ஜனவரி 1 அன்று, உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து நடைமுறைக்கு வந்த சேவை வர்த்தகப் பொது ஒப்பந்தம், நான்கு விதம் என்று வகுத்தது. ஆங்கிலச் சுருக்கப் பெயரால் இதைக் ‘காட்ஸ்’ என்பார்கள். சேவை மட்டும் எல்லை தாண்டுவது முதல் முறை. சென்னையில் எழுதப்படும் அமெரிக்கக் கணக்கு இதில் சேரும். வாங்குபவர் எல்லை தாண்டி வருவது இரண்டாம் முறை. விற்பவர் வெளிநாட்டில் கிளை திறப்பது மூன்றாம் முறை. விற்பவரின் ஆள் சில காலம் அங்கே போய் வேலை செய்வது நான்காம் முறை. இந்த நான்கில் மூன்றாவதுதான் பெரியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2017க்கான உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டில், சேவை வர்த்தகத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் கிளை வழியாக நடந்தது. ஆள் போய்ச் செய்த நான்காம் முறை 3 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. வங்கி, காப்பீடு, சில்லறை விற்பனை போன்றவற்றில் வாடிக்கையாளர் இருக்கும் ஊரில் கடை போட்டாக வேண்டும் என்பதே காரணம்.

இரண்டாம் முறையைக் கண்ணால் காண வேலூருக்குப் போகலாம். காட்பாடி சந்திப்பில் இறங்கி, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எதிரே உள்ள தெருக்களில் நடந்தால், தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் தெரியும். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிற குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குவதற்கேற்ப, அறையிலேயே சமைத்துக்கொள்ளும் வசதியோடு லாட்ஜுகள் இருக்கின்றன. மீன் குழம்பும் சோறும் வங்காள ருசியில் கிடைக்கின்றன. டாக்காவிலிருந்து வந்த ஒருவர் இங்கே அறுவை சிகிச்சைக்குச் செலுத்தும் கட்டணமும், லாட்ஜ் வாடகையும், ஆட்டோக் கூலியும் இந்தியாவின் சேவை ஏற்றுமதிதான். எதுவும் கப்பலேறவில்லை, சரக்கு வர்த்தகத்தின் கண்ணோடு பார்த்தால் இங்கே ஏற்றுமதியே நடக்கவில்லை. இந்த வர்த்தகத்துக்குச் சுங்கவரி இல்லை, ஆனால் விசா உண்டு. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த பிறகு இந்தியா அந்நாட்டினருக்கு விசா வழங்குவதை வெகுவாகக் குறைத்தபோது, சிகிச்சைக்கு வருவோரின் எண்ணிக்கை சரிந்தது. மருத்துவரின் திறமையும் மாறவில்லை, கட்டணமும் மாறவில்லை. தூதரகத்தின் கதவு மட்டுமே மாறியது.

சேவை வர்த்தகத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் முதலிடம் உள்நாட்டுச் சட்டத்துக்கு என்று நான் சொல்வேன். வழக்கறிஞர் தொழில் அதற்கு நல்ல சான்று. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் தொழில் செய்யலாமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காக வந்து 2012இல் தீர்ப்பானது. பின்னர் உச்ச நீதிமன்றம் சென்று 2018 மார்ச்சில் முடிவானது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி பதிவு செய்துகொண்டவர்தான் இங்கே வழக்கறிஞர் தொழில் செய்யலாம் என்றும், வெளிநாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்ல எப்போதாவது வந்து போவதைத் தொழில் செய்வதாகக் கொள்ள வேண்டியதில்லை என்றும் தீர்ப்பு சொன்னது. 2023இல்தான் இந்திய பார் கவுன்சில், பரஸ்பர அடிப்படையில், நீதிமன்றத்தில் வாதாடாத வெளிநாட்டுச் சட்டப் பணிகளுக்கு மட்டும் கதவைத் திறந்து விதிகளை வெளியிட்டது. இத்தனை ஆண்டுகளில் எந்த இடத்திலும் வரி விகிதம் என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘யார் செய்யலாம்’ என்பதே முழுக் கேள்வியாக இருந்தது.

மருத்துவம், பொறியியல், தணிக்கை எல்லாம் இப்படித்தான். இந்தியாவில் மருத்துவம் படித்தவர் அமெரிக்காவில் நோயாளியைத் தொட வேண்டுமானால் அங்குள்ள உரிமத் தேர்வுகளை எழுத வேண்டும். பிரிட்டனுக்கு வேறு தேர்வு, வளைகுடா நாடுகளுக்கு வேறு. இவற்றை வெறும் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவது தவறு. ஒரு சட்டை கிழிந்திருந்தால் வாங்குபவர் விரித்துப் பார்த்துத் திருப்பிவிடலாம்; அறுவை சிகிச்சை சரியாக நடந்ததா என்பது நோயாளிக்குப் பல மாதங்கள் கழித்தும் தெரியாமல் போகலாம். வாங்குவதற்கு முன் சோதிக்க முடியாத ஒன்றை விற்பவரிடம் அரசு சான்றிதழ் கேட்பது நியாயமே. உள்ளூர்த் தொழில்காரர்களைப் போட்டியிலிருந்து காப்பதற்காகவும் அதே சான்றிதழைப் பயன்படுத்தலாம் என்பதுதான் சிக்கல். இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம். இதைக் கடக்கும் வழிகளில் ஒன்று, ஒரு நாட்டின் படிப்பை இன்னொரு நாடு ஏற்பது. பொறியியல் படிப்புகளுக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் நிரந்தர உறுப்பினரானது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளை முடித்தவர்களுக்கு இது வழியை ஓரளவு சுருக்கியது.

கிளை திறக்கும் மூன்றாம் முறைக்குத் தடை, அந்நிய முதலீட்டு வரம்பாக வருகிறது. இந்தியக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டவர் வைத்திருக்கக்கூடிய பங்கு 2000இல் 26 சதவீதமாக இருந்தது. 2015இல் 49ஆகவும், 2021இல் 74ஆகவும் உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தில் நீண்ட விவாதம் நடந்தது. சட்டைக்கான வரியை ஓர் அரசாணையால் மாற்றிவிடலாம். இதை மாற்றச் சட்டத் திருத்தம் வேண்டும். சேவைச் சந்தைகள் மெதுவாகத் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூரம் என்ற காரணி சேவையில் மறைந்துவிடுகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். மறையவில்லை, வேறு வடிவம் எடுக்கிறது. மைலுக்குப் பதிலாக மொழியும் கடிகாரமும் தூரத்தை அளக்கின்றன. அமெரிக்க நிறுவனங்களின் தொலைபேசி அழைப்பு மையங்கள் பிலிப்பைன்ஸுக்கும் இந்தியாவுக்கும் போனதற்கும், பிரெஞ்சு நிறுவனங்களின் மையங்கள் மொராக்கோவுக்கும் துனிசியாவுக்கும் போனதற்கும், ஜப்பானிய நிறுவனங்களின் அலுவலக வேலைகள் சீனத்தின் டாலியன் நகருக்குப் போனதற்கும் பின்னால் இருப்பது மொழியும், பல இடங்களில் அந்த மொழியைக் கொண்டுவந்த ஆட்சியின் பழைய வரலாறும்தான். டி-ஷர்ட் தைப்பவருக்கு அதை உடுத்துபவரின் மொழி தெரிய வேண்டியதில்லை.

கடிகாரம் இரு பக்கமும் வெட்டும். நியூயார்க்கில் கோடைக்காலத்தில் காலை 9 மணி என்றால் சென்னையில் மாலை 6:30. அவர்கள் மாலையில் அனுப்பிய கணக்கை அவர்கள் தூங்கும் நேரத்தில் இங்கே முடித்து, விடிவதற்குள் திருப்பி அனுப்பலாம் என்பது அனுகூலம். வாடிக்கையாளரோடு தொலைபேசியில் நேரடியாகப் பேசியாக வேண்டிய வேலையென்றால், இங்குள்ளவர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். நள்ளிரவு ஒரு மணிக்குச் சோழிங்கநல்லூர் சந்திப்பில் வரிசையாக நிற்கும் கம்பெனி வண்டிகள்தான் இந்த வர்த்தகத்தின் போக்குவரத்துச் செலவு. அந்தச் செலவின் ஒரு பகுதியை ஊழியர்கள் தங்கள் உடலால் செலுத்துகிறார்கள் என்பது எந்த வர்த்தகப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

சாலையும் துறைமுகமும் சரக்குக்கு எப்படியோ, சேவை மட்டும் எல்லை தாண்டும் முதல் முறைக்குக் கடலடி கேபிள் அப்படி. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்துச் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளக் கேபிள் ஒன்று வந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மேற்கு ஐரோப்பா வரை நீளும் இன்னொரு கேபிளும் 2005 முதல் சென்னையில் கரையேறுகிறது. இந்நகரம் அலுவலக வேலைகளின் ஏற்றுமதி மையமானதில் இவற்றுக்குப் பங்குண்டு. கேபிள் மட்டும் இருந்தால் போதாது, அதில் தரவு ஓட அனுமதியும் வேண்டும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள், ஐரோப்பியரின் தனிப்பட்ட தகவல்களை வெளிநாட்டில் வைத்துக் கையாளக் கடும் நிபந்தனைகளை விதிக்கின்றன. அதே 2018 ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கியும், இந்தியாவில் நடக்கும் பணப் பரிவர்த்தனைகளின் தரவை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இன்றைய சேவை வர்த்தகத்தில் சுங்கச் சாவடிக்கு மிக நெருங்கிய ஒன்று எது என்று கேட்டால், இந்தத் தரவு விதிகளைத்தான் காட்ட வேண்டும்.

நான்காம் முறைக்கு வருவோம். எச்-1பி விசாவில் ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடங்கள் என்று உச்சவரம்பு இருக்கிறது. ஒரு சரக்குக்கு இப்படி எண்ணிக்கை வரம்பு வைத்தால் உலக வர்த்தக விதிகள் பொதுவாக அனுமதிக்காது. சேவையில் இது அன்றாட நடைமுறை. விசாக் கட்டணத்தை உயர்த்தியதை எதிர்த்து 2016இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா மீது புகாரும் தொடுத்தது. ஆள் வருவது என்றதும் குடியேற்றம், வேலைவாய்ப்பு, தேர்தல் எல்லாம் கலந்துவிடுவதால், இந்த முறையில் நாடுகள் விட்டுக்கொடுப்பது மிகவும் அரிது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தத்தில்கூட, சமையல் கலைஞர்கள், யோகா ஆசிரியர்கள், செவ்வியல் இசைக் கலைஞர்கள் ஆகியோருக்குச் சேர்த்து ஆண்டுக்கு 1,800 இடங்கள் என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்துவது அவசியம். துபாயில் வேலை செய்யும் ஒருவர் ராமநாதபுரத்தில் உள்ள வீட்டுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் சேவை ஏற்றுமதி அல்ல. அவர் அங்குள்ள முதலாளியின் ஊழியர். அவருடைய உழைப்பு அந்நாட்டு உற்பத்தியில் சேர்ந்துவிட்டது. ஓர் இந்திய நிறுவனம் ஒப்பந்தம் எடுத்து, தன் பொறியாளரை ஆறு மாதம் துபாய்க்கு அனுப்பி வேலையை முடித்துக் கொடுத்தால், அதற்கான கட்டணமே சேவை ஏற்றுமதி. இருவரும் ஒரே விமானத்தில் போயிருக்கலாம், ஆனால் கணக்கில் அவர்கள் வேறு.

கணக்கு என்றதும் இன்னொன்று. திருப்பூர்ப் பெட்டிக்கு ஷிப்பிங் பில் உண்டு. எந்த நாள், எந்தத் துறைமுகம், எத்தனை கிலோ, என்ன விலை என்று அதில் எழுதியிருக்கும். சேவைக்கு அப்படி ஒரு நுழைவாயில் இல்லாததால், வங்கிக்குப் பணம் வந்த சுவடுகளையும் நிறுவனங்களிடம் கேட்டு வாங்கும் விவரங்களையும் வைத்தே கணக்கிட வேண்டியிருக்கிறது. மென்பொருள் ஏற்றுமதிக்கென்றே ‘சாஃப்டெக்ஸ்’ என்ற படிவம் உருவானது இதனால்தான். ஜிஎஸ்டி சட்டமும், வழங்குபவர் இந்தியாவில் இருக்க வேண்டும், பெறுபவர் வெளிநாட்டில் இருக்க வேண்டும், சேவை வழங்கப்படும் இடம் வெளிநாடாக இருக்க வேண்டும், பணம் அந்நியச் செலாவணியிலோ, ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இடங்களில் ரூபாயிலோ வர வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை வைத்தே ஒரு சேவையை ஏற்றுமதி என்று ஏற்கிறது. இப்படித் திரட்டிய கணக்கின்படி 2023-24இல் இந்தியாவின் சரக்கு ஏற்றுமதி சுமார் 43,700 கோடி டாலர், சேவை ஏற்றுமதி சுமார் 34,100 கோடி டாலர். உலக அளவில் பார்த்தால் எல்லை தாண்டும் வர்த்தகத்தில் சேவையின் பங்கு கால்வாசி அளவுதான். இந்தியா எவ்வளவு தூரம் சேவையின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது இதிலிருந்து தெரியும்.

சேவைகளுக்கான உலக ஒப்பந்தமும் சரக்கு ஒப்பந்தத்தைப் போல இல்லை. ஒவ்வொரு நாடும் எந்தெந்தச் சேவையை, எந்தெந்த முறையில், எந்த நிபந்தனையோடு திறக்கிறது என்று ஒரு பட்டியல் தரும். பட்டியலில் எழுதாத துறையின் சந்தையைத் திறந்துவிட வேண்டிய கடமை அதற்கு இல்லை. அதனால் பட்டியலின் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. விளையாட்டு நீங்கலாக மற்றப் பொழுதுபோக்குச் சேவைகளைத் திறப்பதாக அமெரிக்கா எழுதியிருந்தது. இணையச் சூதாட்டமும் அதற்குள் அடங்கும் என்று, ஒரு லட்சம் பேர்கூட இல்லாத கரீபியத் தீவு நாடான ஆன்டிகுவா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. அது அடங்கும் என்றே 2005இல் மேல்முறையீட்டு அமைப்பும் சொன்னது. 

இவ்வளவும் சொன்ன பிறகு திருப்பூர்ப் பெட்டியை மறுபடி திறந்து பார்க்க வேண்டும், ஏனெனில் சட்டையும் சேவையும் நான் பிரித்துக் காட்டிய அளவுக்கு உண்மையில் பிரிந்து கிடப்பதில்லை. ஒரு டி-ஷர்ட்டின் விலைக்குள் நூலும் சாயமும் மட்டுமல்ல, வடிவமைப்பும், வங்கிக் கடன் வட்டியும், தரப் பரிசோதனையும், லாரி வாடகையும் இருக்கின்றன. சட்டையின் மொத்த மதிப்பின் மீது சுங்கவரி விழும்போது, அதற்குள் தைக்கப்பட்ட சேவைகளின் மீதும் அது விழுகிறது. சென்னையில் ஒரு வடிவமைப்பாளர் பூப்போட்ட ஓர் ஓவியத்தை வரைந்து அமெரிக்க இணையதளம் ஒன்றுக்கு விற்றால், அது வரியின்றி எல்லை தாண்டும். அதே ஓவியத்தை ஓர் அமெரிக்க நிறுவனம் காசு கொடுத்து வாங்கி, திருப்பூர்த் தொழிற்சாலைக்கு இலவசமாகத் தந்து சட்டையில் அச்சிடச் சொன்னால், சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி அந்த ஓவியத்தின் விலையையும் சட்டையின் மதிப்போடு கூட்டி வரி கணக்கிடுவார்கள். நியூயார்க்கிலேயே வரைந்த ஓவியமாக இருந்தால் கூட்ட மாட்டார்கள்.